சாமி கும்பிடுவதை விட்ட பிறகு வரும் வருடங்கள்

கடவுள் நம்பிக்கையை விட்டதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு எனக்கு 2014 அளவில் பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களை என்ன செய்வது, அப்பாவின் செத்தவீட்டில் மூத்த மகனாக எங்கே நிற்பது, மகள் கேட்டால் என்ன சொல்வது, என்னால் தங்கச்சியின் சம்பந்தம் தடைப்பட்டால் எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொல்லித்தர இங்கே திருகோணமலையில் எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. நம்பிக்கை போனதைவிட அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் என்னை அதிகம் வதைத்தன. இதே நிலையில் தனியாக இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். நம்பிக்கையோடு இருப்பவர்களை மாற்றுவதற்காக இல்லை.

என் வீடு பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில். சின்ன வயதில் மார்கழி என்றால் விடியற்காலையில் குளித்துவிட்டுச் சங்கும் சேமக்கலமும் கொண்டு திருவெம்பாவை பாடிப்போகிற கூட்டத்தில் நானும் போவேன். சம்பந்தர் கோணமாமலையைப் பாடிய பதிகத்தைப் பண்ணோடு பாடிப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன். சிவராத்திரி முடிந்து எங்கள் ஊர்ச் சிவனான கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வீட்டு வாசலில் கும்பம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, தெருவே காத்துக்கிடக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நிற்பது எனக்கு உண்மையாகவே சந்தோஷம் தந்தது. சமயத்தை வெறுத்து வளர்ந்தவன் இல்லை நான் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நேசித்த ஒன்றை விட்டவனுக்கு வரும் வலி வேறு மாதிரி.

2012இல் தம்பிக்கு வலிப்பு வந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன், சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே விறைத்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அயலில் யாரோ 'செய்வினை' என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பயந்து போனார். சாதகம் பார்த்தவர் ஏழரைச்சனி என்றார். அடுத்தது, ஊருக்கு வெளியே குறி சொல்லி, கெட்டதைப் போக்குகிற 'கழிப்பு' என்ற சடங்கு செய்கிற ஒருவர். அவர் பெயரும் இடமும் இங்கே தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம்: வளவுக்குள் தகடு புதைத்திருக்கிறார்கள், செத்துப்போன பெரியம்மாவுக்குச் செய்யாத கடன் ஒன்று இருக்கிறது, முற்றத்து வேப்பமரத்தில் ஏதோ தங்கியிருக்கிறது. மரத்தையும் வெட்டினோம். நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன், செலவு எழுதிவைப்பது பழக்கம். அந்த ஒன்றரை வருடத்தில் பூசை, கழிப்பு, தாயத்து, பரிகாரம், வாகனக் கூலி என்று ஏறக்குறைய இரண்டு லட்சத்து பத்தாயிரம் ரூபா போயிருந்தது. அம்மாவின் காப்புகள் அடகுக்குப் போனது இதில் சேராது. காசைவிடப் பெரிய நட்டம், தம்பி பரீட்சை எழுதாமல் போனது. தனக்குள் ஏதோ கெட்டது புகுந்திருக்கிறது என்று அவன் நம்பத் தொடங்கியதும் அப்போதுதான்.

கடைசியில் அவனை மருத்துவரிடம் கொண்டுபோனது அத்தை மகள். தாதியாக இருக்கிறாள். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற ஈஈஜி எடுத்துப் பார்த்தார்கள், மாத்திரை தொடங்கினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றபடியால் மருந்துக்குக் காசும் இல்லை. மாத்திரையின் அளவு சரியாக அமைய சில மாதங்கள் எடுத்தன, அதன்பிறகு வலிப்பு நின்றது. சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளர்களில் பத்துக்கு ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு. இதை வாசிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது இப்படி நடந்தால், கடவுளை நம்புங்கள் அல்லது நம்பாதிருங்கள், இதை மட்டும் செய்யுங்கள்: ஆளைப் பக்கவாட்டாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பைக் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள், எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. இப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கோயிலுக்குப் போவதென்றால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

ஒரு பூசாரி ஏமாற்றியதால் கடவுள் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அது எனக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் அந்த ஒன்றரை வருடம் முழுக்க நானும் அம்மாவும் மனதார வேண்டியிருந்தோம். பொய்யான வேண்டுதல் இல்லை அது. தம்பி எழும்பியது மாத்திரையால் என்று கண்ணால் கண்ட பிறகு, முந்தைய வேண்டுதல்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது எங்கள் குடும்பம் தப்பியது. 'கோணேசர்தான் காப்பாத்தினவர்' என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். கரையோரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இரண்டு பிள்ளைகளையும் அன்று பறிகொடுத்தார். அவரும் எங்களைப்போல அதே கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போனவர். எங்களைக் காப்பாற்றியவர் அந்தப் பிள்ளைகளை ஏன் விட்டார் என்ற கேள்விக்கு ஊழ்வினை என்று பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ கழன்றது.

ஏழரைச்சனியையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சனி சூரியனை ஒரு தடவை சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருடம் எடுக்கும், ஆகவே ஒரு ராசியில் இரண்டரை வருடம் நிற்கும். சந்திர ராசிக்கு முன் ராசி, அந்த ராசி, அடுத்த ராசி என்று மூன்று, அதுதான் ஏழரை வருடம். அப்படியென்றால் எந்த நேரத்தில் எடுத்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர், கிட்டத்தட்ட உலகத்தில் காற்பங்கு ஆட்கள், ஏழரைச்சனிக்குள் இருப்பார்கள். கஷ்டம் வந்து சாதகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் நாலில் ஒருவருக்கு இந்தப் பதில் எப்போதும் தயாராக இருக்கும். இதைப் பள்ளிக்கூடக் கணிதம் தெரிந்த யாரும் போட்டுப் பார்க்கலாம். நான் முப்பது வயது வரை போட்டுப் பார்க்கவில்லை, எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் வந்தது பயம். இதைப் பற்றி யாரும் எனக்கு எச்சரிக்கவில்லை. அறிவுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது, ஆனால் உடம்பு கேட்கவில்லை. கோயில் வாசலால் சைக்கிளில் போகும்போது கை தானாக நெஞ்சுக்குப் போகும். நிறுத்தினால் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். மகளுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும், நான் விட்டதற்கான தண்டனை என்று இரவு இரண்டு மணிக்கு மூளை சொல்லும். மோட்டார் சைக்கிளில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்ட நேரம் அம்மா வாய்விட்டே சொன்னார், 'சாமியை விட்டதுக்குத்தான் மகன்' என்று. அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. அதே வசனத்தை நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் படுத்திருந்தேன். இந்தப் பயம் உங்களுக்கு வந்தால், நீங்கள் மறுபடி நம்பத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. முப்பது வருடப் பழக்கம் சில மாதங்களில் உடம்பை விட்டுப் போகாது. எனக்குக் குறையவே இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. உதவியது ஒன்றுதான்: பயம் வரும்போதெல்லாம் எதற்குப் பயப்படுகிறேன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன் என்று கொப்பியில் எழுதி, ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்ப்பேன். கால் தடுக்கினால் 'முருகா' என்று இன்றைக்கும் வாயில் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது தாய்மொழி மாதிரி ஊறியது.

பயத்தைவிட ஆழமாகத் தாக்கியது தனிமை. வேண்டுதல் என்பது, கேட்பவர் இருக்கிறாரோ இல்லையோ, நாளின் கடைசியில் ஒருவரிடம் மனதைத் திறக்கிற நேரம். அது போனபோது இரவில் பேச ஆளில்லாமல் போனது. மனைவியிடம் பேசலாம், ஆனால் அவளுக்கு என் மாற்றமே ஒரு துக்கம். நித்திரை கெட்டது, வேலையில் கவனம் போனது. கடைசியில் ஒரு வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சமயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நித்திரையைப் பற்றியும் பழக்கங்களைப் பற்றியும் மட்டும் கேட்டார். அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. ஊருக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று தயங்குகிறவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் பேசலாம். தற்கொலை எண்ணம் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் முதலில் சொன்னது ஒரே ஒரு நண்பனிடம். அவன் வேறு ஒருவரிடம் கவலையோடு சொல்லியிருக்கிறான், அவர் இன்னொருவரிடம். திருமலை, அதுதான் எங்கள் திருகோணமலை, சின்ன ஊர். அடுத்த மாதமே சித்தப்பா வீட்டுக்கு வந்து, 'நீ கோயிலுக்குப் போறேல்லையாம், சாமிப்படத்தைக் குப்பையிலை போட்டனியாம்' என்று கேட்டார். படத்தைத் தொட்டதே இல்லை நான். தங்கச்சிக்கு அப்போது ஒரு நல்ல சம்பந்தம் பேசி முடிகிற நிலையில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சமயப் பற்றுள்ளவர்கள். அண்ணன் நாத்திகன் என்று கேள்விப்பட்டதும் பேச்சு நின்றது. சாதகம் பொருந்தவில்லை என்று ஒரு காரணம் சொல்லி அனுப்பினார்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணம் நாற்பதாயிரம் திரும்ப வரவில்லை. தங்கச்சி பல மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்குப் பிறகு வேறு இடத்தில் நல்லபடி கல்யாணம் நடந்தது. ஆனாலும் நான் நம்பாததற்கு அவள் விலை கொடுத்தாள் என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். நியாயமில்லாத விலை, ஆனால் எங்கள் ஊரில் அதுதான் நடக்கும்.

ஆகவே வெளியே சொல்வதைப் பற்றி என் அபிப்பிராயம் இது. உங்கள் முடிவால் யாருடைய வாழ்க்கை பாதிக்கப்படும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பெற்றோரின் வீட்டில், அவர்கள் காசில் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால், வேலையும் தங்க இடமும் கிடைக்கும் வரை பேசாமல் இருப்பதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிற காலத்தில் ஊருக்குச் சொல்லாதீர்கள். சொல்லத்தான் வேண்டும் என்றால் வதந்தி முந்துவதற்கு முன் நீங்களே அம்மா அப்பாவிடம் நேரில் சொல்லுங்கள், கூட்டத்தில் வேண்டாம், வாக்குவாதத்துக்கு நடுவிலும் வேண்டாம். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த என் வேலைத்தள நண்பர் ஒருவர் என்னைப்போலவே நம்பிக்கை இழந்தவர். வெளியே சொன்னால் அவர் இழக்கப்போவது என்னைவிடப் பல மடங்கு. அவர் இன்றுவரை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவருடைய மௌனத்தை நான் மதிக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு எங்கள் தெருக்கள் தெரியாது.

முகநூலில் எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது, விரும்பிய நம்பிக்கையைக் கொண்டிருக்கும் உரிமையும் அதற்குள் வருகிறது. நம்பாமல் இருப்பதற்காக யாரும் உங்களைச் சிறையில் போட முடியாது. ஆனால் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தில் மதப் பகைமையைத் தூண்டுவதற்கு எதிரான பிரிவு ஒன்று இருக்கிறது. 2019இல் அதில் பிணை கொடுக்க மேல் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் இருந்தது. அந்த வருடம் ஒரு சிங்கள எழுத்தாளர் எழுதிய சிறுகதைக்காக அந்தச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். அதனால் சொந்த அனுபவத்தை எழுதுங்கள், மற்றவர்களின் தெய்வத்தைக் கேலி செய்து எழுதாதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. கேலியைப் படித்து யாரும் யோசிக்கத் தொடங்கியதை நான் பார்த்ததில்லை.

2018இல் அப்பா போனார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்த மனிதர், மாரடைப்பில் ஒரே இரவில் முடிந்துவிட்டது. மூத்த மகன் நான், கொள்ளி வைக்க வேண்டியவன். அழுகைக்கு நடுவிலேயே சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள், இவன் செய்வானா மாட்டானா என்று. அந்த இரவில் நான் எனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அப்பாவுக்காகவும் அம்மாவுக்காகவும் கையால் செய்ய வேண்டியது எதுவானாலும் செய்வேன், நம்பாத ஒன்றை என் வாயால் நம்புவதாகச் சொல்ல மாட்டேன். ஐயர் வந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'தம்பி, நீங்கள் கையாலை செய்யிறதைச் செய்யுங்கோ, சொல்லவேண்டியதை நான் சொல்லுறன்' என்றார். அந்த மனிதரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சுண்ணம் இடித்தார்கள், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள், நான் கொள்ளிக்குடம் தூக்கினேன். வாய் பேசவில்லை. சித்தப்பா மட்டும் சுடலையிலிருந்து வரும் வழியில், 'மனசிலை இல்லாத கொள்ளி அண்ணனுக்குப் போய்ச் சேருமோ' என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பதில் சொல்லவில்லை. அவருக்கும் அண்ணன் செத்த நாள் அது.

அந்தியேட்டி என்கிற முப்பத்தோராம் நாள் கிரியைக்குத் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியாவுக்குப் போனோம். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று ஐதீகம், ஏழு வெந்நீர்க் கிணறுகள், தலைமுறை தலைமுறையாகத் திருமலைச் சனம் தங்கள் செத்தவர்களுக்கு அங்கேதான் கடன் கழிக்கிறது. இராவணன் கதையை நான் நம்பவில்லை. ஆனால் என் அப்பா தன் அப்பாவுக்காக அதே இடத்தில் நின்று அதே வெந்நீரைத் தலையில் ஊற்றியது கதை இல்லை, நடந்தது. அதற்காக அங்கே நின்றேன், அழுதேன். செத்தவீட்டிலிருந்து அந்தியேட்டிச் சாப்பாடு வரை எல்லாமாக மூன்று லட்சத்து இருபதாயிரம் வரை போனது. கிரியைகளுக்குப் போனது அதில் சின்னப் பங்கு, பந்தலும் சாப்பாடும்தான் பெரியது. சொந்தக்காரர் வாயை மூட வைக்க வேண்டும் என்று வழக்கத்தைவிடப் பெரிதாகச் செய்ய ஒரு உந்துதல் வரும். நாத்திகன் கஞ்சத்தனம் பண்ணினான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அது. எங்கள் வீட்டில் அதைத் தடுத்தது அம்மாதான், 'அவர் உயிரோடை இருக்கேக்கை இவ்வளவு செலவழிக்க விட்டிருக்கமாட்டார்' என்று.

'சிவபதம் அடைஞ்சிட்டார்', 'மேலே இருந்து பாத்துக்கொண்டிருக்கிறார்' என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு அது ஒவ்வொரு முறையும் தனித்து விடப்பட்டது மாதிரி இருந்தது. அவர்களுக்கு அப்பா எங்கேயோ போயிருந்தார், எனக்கு அவர் இல்லாமலே போயிருந்தார். இந்த இடத்தில் நாத்திகத்தில் ஆறுதல் ஒன்றும் தயாராக இல்லை, யாரும் அப்படி இருப்பதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். நாமே தேடிச் சேர்க்க வேண்டும். நான் செய்தது, அப்பாவோடு வேலை செய்த பழைய ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய், அவரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொல்லி எழுதிவைத்தது. 1990 யுத்த இடம்பெயர்வில் தன் சம்பளத்தை யாரோ ஒருவரின் பிரசவத்துக்குக் கொடுத்த கதையெல்லாம் அப்படித்தான் தெரியவந்தது. மேலே எங்கேயும் தேடாமல் அவரை இங்கேயே கண்டுபிடித்தேன். ஆறுதல் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அடுத்த வருடம், 2019 ஜூலையில், கன்னியாவில் பிள்ளையார் கோயில் இருந்த இடத்தைக் காக்கக் கேட்டுப் போராட்டம் நடந்தபோது நானும் போனேன். என்னைக் கண்டு ஒருவர், 'சாமி இல்லையெண்டு சொல்லுறவருக்கு இஞ்ச என்ன வேலை' என்று கேட்டார். நேர்மையான கேள்விதான். திருமலையில் கோயில் என்பது கும்பிடுகிற இடம் மட்டும் இல்லை. 1622இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள், 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து விக்கிரகங்கள் வந்தன, 1963இல் மறுபடி கும்பாபிஷேகம் நடந்தது. எங்கள் சனம் இந்த மண்ணில் இருந்ததற்கான சாட்சியாக அந்தக் கற்கள் நிற்கின்றன. அதனால்தான் இங்கே ஒருவன் சாமியை விட்டான் என்றால் இனத்தையே விட்டான் என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. அப்பாவுக்குக் கடன் கழித்த இடத்தைக் காப்பாற்ற எனக்குக் கடவுள் தேவையில்லை. நாத்திகம் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று சொல்கிறவர்களிடம் நான் மணிமேகலையைப் பார்க்கச் சொல்வேன், சமயக்கணக்கர் வரிசையில் உலகம் பூதங்களால் ஆனது, மறுமை பொய் என்கிற பூதவாதி ஒருவர் தன் வாதத்தைச் சொல்கிறார். அவர் தோற்கடிக்கப்படுகிறார் என்பது வேறு. ஆனால் தமிழில் அவருக்கு ஒரு இருக்கை இருந்தது.

மனைவி இன்றும் நம்பிக்கையுள்ளவள். கல்யாணத்துக்குப் பிறகு மாறியது நான், அதனால் சரிக்கட்ட வேண்டிய பொறுப்பும் என்னுடையதுதான். சுவாமி அறை அவளுடையது, நான் அங்கே எதையும் மாற்றுவதில்லை. நகர்வல நாளில் வாசலில் கும்பம் வைப்பது அவள், மாவிலை பறித்துக் கொடுப்பதும் கூட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நான். மகளுக்குச் சைவநெறி பள்ளிக்கூடத்தில் பாடம், சாதாரண தரப் பரீட்சையில் சமயம் எழுதியே ஆக வேண்டும். படிக்க வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. பண்ணிசைக்கு அவளைத் தயார்படுத்துவதே நான்தான், எனக்குத் தெரிந்த பண்களை அவளுக்குக் கொடுக்காமல் இருக்க என்ன காரணம் இருக்கிறது? ஒன்பது வயதில் நேராகக் கேட்டாள், 'அப்பா, சாமி இருக்கா?' என்று. 'அம்மா இருக்கெண்டு நினைக்கிறா, நான் இல்லையெண்டு நினைக்கிறன், நீ வளந்து யோசிச்சுச் சொல்லு' என்றேன். இந்தப் பதிலை மனைவியோடு முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்டிருந்தேன். அதுதான் முக்கியம். பிள்ளை கேட்கும் நாளில் முதல்முறையாக யோசிக்க வேண்டி வந்தால் பதில் சண்டையில் முடியும். இன்னும் கல்யாணமாகாதவர்கள் கல்யாண எழுத்துக்கு, அதாவது பதிவுக்கு, முன்பே, சாதகம் பார்க்கிற கட்டத்திலேயே, எதைச் செய்வீர்கள் எதைச் செய்ய மாட்டீர்கள் என்று மற்றவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பதிவாளர் முன்னால் நடக்கும் கல்யாணத்துக்குச் சமயச் சடங்கு எதுவும் சட்டப்படி தேவையில்லை.

வெள்ளிக்கிழமைகளுக்கு வருகிறேன். கோயிலுக்குப் போகாமல் விட்டால் நேரம் மிஞ்சும் என்று நினைப்போம். மிஞ்சுவது வெறும் நேரம்தான், அதில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். கோயில் வீதியில் சும்மா சந்தித்துச் சும்மா பேசுகிற முகங்கள், யார் வீட்டில் யாருக்கு வருத்தம் என்கிற செய்தி, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிற கூட்டம், இதெல்லாம் ஒன்றாகப் போய்விடும். புத்தகம் வாசித்து அதை நிரப்ப முடியாது, நான் முயன்று பார்த்தேன். நாத்திகர் சங்கம் ஒன்றும் இங்கே எனக்குத் தெரிந்து இல்லை, இருந்தாலும் கடவுள் இல்லை என்பதையே வாரா வாரம் பேச எனக்கு விருப்பமில்லை. இரத்ததானம் செய்கிற ஒரு குழுவோடு சேர்ந்தேன். நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்க முடியும், ஆனால் முகாம் ஒழுங்கு செய்வதில் எப்போதும் வேலை இருக்கும். 2022இல் மருந்துக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் அந்தக் கூட்டம்தான் எனக்கு ஊராக இருந்தது. அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டவும் பிறகு திரும்பிப் போனேன். கோயில்காரர் ஒருவர் கத்தியைத் தந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக, உங்கள் சாவைப் பற்றி எழுதிவையுங்கள். அப்பாவின் செத்தவீட்டில் நான் பட்டதைப் பிள்ளைகள் படக்கூடாது. ஆபிரகாம் கோவூர் என்று ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்து, பிறகு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அமானுஷ்ய சக்தியைச் சோதனையில் நிரூபிக்கிறவருக்கு ஒரு லட்சம் ரூபா தருவேன் என்று 1963இல் அறிவித்தார், கடைசிவரை யாரும் வெல்லவில்லை. 1978இல் இறந்தபோது கண்ணையும் உடலையும் தானமாக எழுதிவைத்திருந்தார். நானும் அப்படியே முடிவு செய்தேன். கண்ணுக்கு 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தான சங்கம் இருக்கிறது, உடலை மருத்துவ பீடங்களின் உடற்கூற்றியல் துறை ஏற்கும், படிவத்தை முன்பே நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் செத்த பிறகு உடலைக் கொண்டுபோய்க் கொடுப்பது குடும்பம்தான், அவர்கள் சம்மதிக்காவிட்டால் படிவம் வெறும் காகிதம். அதனால் மனைவியையும் தம்பியையும் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டினேன். உடலைக் கொடுக்க மனைவி மெல்ல மெல்லச் சம்மதித்தாள். ஆனால் எந்தக் கிரியையும் வேண்டாம் என்று நான் எழுதியிருந்த வரியில் நிறுத்தி, 'நான் தேவாரம் படிப்பன். அது உங்களுக்கில்லை, எனக்கு' என்றாள். அந்த வரியை வெட்டிவிட்டு, அவள் விரும்பினால் தேவாரம் படிக்கலாம் என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம்.